வத்தல் ஜெயித்த கப்பு

சின்னக்கருப்பனுக்குக் கோபம் வரும் என்று சொல்வது தப்பு. கோபம் அவரிடமே குடியிருந்தது. எப்போதாவது கடை கண்ணிக்குப் போய்விட்டுத் திரும்பி வரும், அவ்வளவுதான். ராமநாதபுரத்துக்கு வெளியே, கருவேலங்காட்டுக்கு நடுவில் இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் அவர் விளையாட்டு வாத்தியார். மைதானத்துக்குள் ஆடு வந்தால் முதலில் ஆட்டைத் திட்டுவார், அடுத்து ஆட்டுக்காரனை, அதற்கும் அடங்காவிட்டால் அந்த ஆட்டுக்காரனுக்குப் பெண் கொடுத்தவனை. "எங்க வீட்டுல மிக்ஸி ரிப்பேருன்னா நான் கவலைப்படுறதே இல்லக்கா. தேங்காய அவருக்கு முன்னாடி வச்சா போதும், அவரு கத்துற கத்துல சட்னி ஆயிரும்" என்று அவர் மனைவி நாகலெட்சுமி தெருக்குழாயடியில் சொல்வாள். சம்பளம் கன்சாலிடேட், கோபம்தான் பெர்மனென்ட் என்று சக வாத்தியார்கள் அவர் காதுபடவே பேசுவார்கள்.

அவ்வளவு கோபத்தையும் வைத்துக்கொண்டு அவர் உருப்படியாகச் செய்தது ஒன்று உண்டென்றால் அது கூடைப்பந்து டீம். அந்த வருஷம் அது உண்மையிலேயே நல்ல டீம். கேப்டன் முனியசாமி, திருவாடானைப் பக்கத்துக் கிராமத்தான், மிளகாய் விவசாயி மகன். பனைமர உயரம், பேச்சும் பனங்காய் விழுவதுபோல ஒவ்வொன்றாகத்தான் விழும். இன்னொருவன் தர்சிகன். மண்டபம் அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவன். ஆள் கட்டை. ஆனால் பந்து அவன் கைக்குப் போய்விட்டால் எதிராளிகள் இடுப்பில் கைவைத்து வேடிக்கைதான் பார்க்க வேண்டும். இரண்டு பேரும் சேர்ந்து பரமக்குடியில் ஜெயித்தார்கள், சிவகங்கையில் ஜெயித்தார்கள், தேவகோட்டையில் அழவிட்டு ஜெயித்தார்கள். கல்லூரி தொடங்கிய நாளிலிருந்து முதல் முறையாக ஃபைனல். எதிரில் காரைக்குடிக் கல்லூரி. கப்பை வீட்டு அண்டா மாதிரி வருஷா வருஷம் விளக்கி அதே அலமாரியில் வைக்கிறவர்கள். சீட்டுக் குலுக்கியதில் ஆட்டம் நம்ம கல்லூரித் தரையிலேயே என்று விழுந்தது.

சின்னக்கருப்பன் அன்றைக்குச் சிரித்தார் என்கிறார்கள். பார்த்தவர்கள் ரொம்பக் குறைவு.

ஃபைனலுக்கு முந்தின வாரம், ஒரு காலை அவர் வந்து பார்த்தால் சிமெண்டுத் தரை முழுக்கச் சிவப்பு. தாளாளர் முத்துகிருஷ்ணன் மிளகாய் வத்தல் காயப்போட்டிருந்தார். கல்லூரி அவருக்குக் கௌரவம், வத்தல் மண்டி அவருக்கு வயிறு. எதை முதலில் பார்ப்பார் என்று சொல்லவேண்டியதில்லை.

சின்னக்கருப்பன் நேரே அவர் அறைக்குப் போனார்.

"ஐயா, வெள்ளிக்கிழமை ஃபைனலு. கோர்ட்டு பூரா வத்தல் கெடக்கு."

"கெடக்கட்டுமே வாத்தியாரே. பிள்ளைகள ஓரமா நின்னு போடச் சொல்லுங்க."

"ஓரம்னு ஒண்ணு இல்லங்கய்யா. வளையத்துக்கு அடியிலயும் வத்தல்தான்."

"மண்ணுல போட்டா தூசி ஒட்டும். சிமெண்டுன்னா நெறம் நிக்கும், வெல நிக்கும்." முத்துகிருஷ்ணன் ஒரு குண்டு மிளகாயை எடுத்துக் கிலுகிலுவென்று காதருகே ஆட்டிப் பார்த்தார். "ஒங்களுக்குப் பந்து, எனக்கு வத்தல். ரெண்டும் உருண்டதானே? கோவிச்சுக்காதீங்க."

சின்னக்கருப்பன் கோபத்தை விழுங்கினார். வத்தலைவிட அது காரமாக இருந்திருக்கும். அன்றையிலிருந்து பிள்ளைகள் நூலகத்துக்குப் பின்னால் வளையமே இல்லாத மண்தரையில் ஓடிப் பழகினார்கள். இல்லாத வளையத்துக்குள் பந்து போனதா இல்லையா என்று தினமும் சண்டை வேறு.

வெள்ளிக்கிழமை காலையில்தான் சுமைதூக்குகிறவர்கள் சாக்கும் விளக்குமாறுமாக வந்தார்கள். அள்ளினார்கள், கூட்டினார்கள். வத்தல் போனது. விதையும் தூசியும் சிமெண்டுப் பொத்தல்களில் அப்படியே உட்கார்ந்திருந்தன. ஒரு லாரித் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும் என்று சின்னக்கருப்பன் தாளாளரிடம் ஆள் அனுப்பினார். "குடிக்கவே லாரித் தண்ணி, இதுல தரையக் குளிப்பாட்டணுமாக்கும்" என்று பதில் வந்தது.

ஆட்டம் தொடங்கியது. பந்து ஒவ்வொரு முறை தரையில் குத்தும்போதும் ஒரு சிட்டிகை தூசி எழும்பியது. காரைக்குடிப் பிள்ளைகள் செட்டிநாட்டுக் காரத்தில் வளர்ந்தவர்கள்தான். ஆனால் அது நாக்குக்குப் பழகிய காரம், மூக்குக்குப் பழகியது இல்லையே. முதலில் ஒருவன் தும்மினான். அப்புறம் ஐந்து பேரும் இருமினார்கள். அவர்களுடைய நெட்டை ஆட்டக்காரன் வியர்வையைக் கையால் வழித்துக் கண்ணைத் துடைத்தான் பாருங்கள், அதோடு அவன் ஆட்டம் முடிந்தது. நம்ம பயல்கள் வத்தக்காட்டில் பிறந்தவர்கள். மிளகாய் பறிக்கிற நாளில் முகம் அரித்தால்கூட கை மேலே போகாது, தோளில்தான் தேய்ப்பார்கள். அவர்கள் பாட்டுக்கு ஆடினார்கள்.

தர்சிகன் மட்டும் வத்தக்காட்டுப் பிள்ளை இல்லை. அவனும் கையால் கண்ணைத் துடைத்தான். இரண்டு கண்ணும் வீங்கி, ஆட்டம் பாதிகூட ஆகாமல் வெளியே உட்கார்ந்துவிட்டான். அவன் முகத்தில் யாரோ தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே கல்லூரி ஜெயித்தது. அதுவும் பெரிய வித்தியாசத்தில்.

மறுநாளே முத்துகிருஷ்ணன் மண்டியில் உட்கார்ந்து வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொன்னார்: "பிள்ளைக என்ன ஆடுச்சுக? நம்ம வத்தல் ஜெயிச்சுக் குடுத்த கப்புய்யா அது!" சொன்னதோடு விடாமல் வாட்ஸ்அப்பிலும் போட்டார். ஊருக்கு வேறு வேலை இருந்தால்தானே? டீக்கடைக்குப் போனால், "சார், அடுத்த மேட்சுக்கு எத்தன மூட்ட எறக்கணும்?" பெட்ரோல் பங்குக்குப் போனால், "வாங்க வத்தல் கோச்சு!" சின்னக்கருப்பன் இரண்டு டீக்கடை மாற்றினார். மூன்றாவது கடைக்காரர் தன் பங்குக்கு டீயில் ஒரு வத்தலைக் கிள்ளிப் போட்டுக் கொடுத்தார். அந்தக் கிளாஸ் எங்கே போய் உடைந்தது என்று இங்கே சொல்வதற்கில்லை.

பரமக்குடி வெற்றி போச்சு, சிவகங்கை போச்சு, ஒரு வருஷம் ஓடிய ஓட்டம் போச்சு. மிஞ்சியது வத்தல். அதுதான் அவர் நெஞ்சில் எரிந்தது.

தர்சிகன் வீங்கிய கண்ணோடு வந்து நின்றான். "சேர், நான் அண்டைக்குப் பந்தையே காணேல்ல. முகாமில எல்லாரும் கப்பைக் காட்டச் சொல்லிக் கேக்கினம். என்னெண்டு காட்டுறது? நான் விளையாடவே இல்லையே."

"ஏலே, ஜெயிச்சா ஜெயிச்சதுதான்டா. எவன் கேட்டா என்ன?" என்றான் முனியசாமி.

அடுத்த வாரம் முத்துகிருஷ்ணன் டீமைத் தன் அறைக்கு வரச்சொன்னார். ஃபோட்டோ எடுத்து ஃப்ளெக்ஸ் அடிக்க வேண்டுமாம். பிள்ளைகள் தலையைப் படிய வாரி வந்திருந்தார்கள். அறைக்கு நடுவில் ஒரு வத்தல் சாக்கு, வாயைப் பிரித்து, மேலே குவித்து. அதன் உச்சியில் கப்பு.

"கப்ப எதுக்குய்யா சாக்கு மேல வச்சிருக்கீங்க?"

"ஜெயிச்சவுங்க மேலதான வைக்கணும் வாத்தியாரே!" முத்துகிருஷ்ணன் தன் நகைச்சுவைக்குத் தானே தொடை தட்டினார்.

அந்த நேரம் பார்த்து சின்னக்கருப்பனுக்குப் போன் வந்தது. போட்டி அமைப்பாளர் மீரா சாகிபு. "ஸ்பீக்கர்ல போடுங்க, நானும் கேக்குறேன்" என்றார் தாளாளர்.

"சின்னக்கருப்பன், காரைக்குடிக்காரவுக புகார் குடுத்துருக்காக. தரை சரியில்லைங்குறாக. நீங்கதான் நடத்துனவுக. கோர்ட்டு ஆடுற மாதிரி இருந்துச்சா, இல்லையா? ஒத்த வார்த்த சொல்லுங்க, நான் முடிச்சு விட்டுர்றேன்."

முத்துகிருஷ்ணன் சத்தமில்லாமல் வாயசைத்தார். இருந்துச்சு. முனியசாமி கப்பையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இல்ல பாய்" என்றார் சின்னக்கருப்பன். "தரை பூரா வத்தத் தூசி. எங்க தாளாளர் காயப்போட்டது. எம்பய ஒருத்தனே கண்ணு வீங்கி வெளிய ஒக்காந்துட்டான். திருப்பி ஆட விடுங்க. எந்த ஊருன்னாலும் வாரோம். அவுக ஊருன்னாலும் சரி."

முத்துகிருஷ்ணன் முகம் நன்றாகக் காய்ந்த முதல் தரச் சரக்கின் நிறத்துக்கு வந்தது. "வாத்தியாரே, திருப்பி ஆடுற ஆட்டத்தோட அந்த விசிலைக் கழட்டி மேசை மேல வச்சுட்டுப் போயிருங்க."

"வைக்கிறேன். அதுவரைக்கும் ஊதுவேன்" என்றார் சின்னக்கருப்பன்.

வெளியே வந்ததும் முனியசாமி வழியை மறித்தான். வாழ்நாளில் அவ்வளவு நீளமாக அவன் பேசியதில்லை. "சார், கோவம் ஒங்களோடது, கப்பு எங்களோடது. ஒங்க கோவத்துக்கு எங்க கப்ப எதுக்கு சார் தூக்கிக் குடுத்தீங்க? என்னப் பெத்த அய்யா ஊர் பூரா சொல்லி வச்சுருக்காரு."

"ஏலே, அது வத்தலோட கப்புடா. ஒனக்குன்னு ஒண்ணு வேணும்னா காரைக்குடில போயி அடிச்சுத் தூக்கு. அப்புறம் வந்து எங்கூடப் பேசு."

"பேசல" என்றான் முனியசாமி. பேசவும் இல்லை.

திரும்ப ஆடுகிற ஆட்டத்தைக் காரைக்குடியிலேயே வைத்தார்கள். வேன் திருவாடானையைத் தாண்டுகிறவரை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. முனியசாமி கடைசி சீட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான். காரைக்குடித் தரை கழுவித் துடைத்துப் பளபளவென்று இருந்தது. வேண்டுமென்றே செய்திருந்தார்கள்.

நெட்டையனுக்கு இந்த முறை கண் தெரிந்தது. தெரிந்த கண்ணால் அவன் என்ன ஆட்டம் ஆடினான்! ஆனால் தர்சிகனுக்கும் கண் தெரிந்தது. அவன் நெட்டையனின் கைக்கு அடியில் புகுந்து, காலுக்கிடையில் பந்தைத் தட்டி, அண்டைக்குக் காணாததையெல்லாம் சேர்த்து ஆடினான். முனியசாமி, வாத்தியார் மேல் இருந்த ஆத்திரம் முழுவதையும் பந்தின் மேல் காட்டினான். கடைசி நிமிஷம் வரை ஆட்டம் எந்தப் பக்கம் சாயும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஓரத்திலிருந்து முனியசாமி எறிந்த கடைசிப் பந்து வளையத்தில் மோதி வெளியே விழுந்தது. மூன்று பாயிண்டில் தோற்றார்கள்.

கூட்டத்திலிருந்து ஒருவன் கூவினான்: "ஏய் வத்தல் காலேஜு! மூட்டைய ஊர்லயே மறந்து வச்சுட்டு வந்துட்டீங்களா?"

முனியசாமி ஒரே தாவலில் தடுப்புக் கம்பிமேல் ஏறினான். "ஏலே! மூணு பாயிண்டுடா! ஒங்க ஊரு, ஒங்க தரை, மூணே மூணு பாயிண்டு! நாங்க ஆடித் தோத்தோம்டா. நீங்க அங்கன வந்து இருமித் தோத்தீங்க!"

நெட்டையன்தான் முதலில் சிரித்தான். "விடுடா மச்சான்" என்று தன் ஊர்க்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினான். "அந்தக் கட்டப்பய இன்னைக்கு என் உசுர எடுத்துட்டான். நீ வந்து நின்னு பாரு, தெரியும்."

நடுவர் ஓடி வந்தார். "சார், உங்க கேப்டனை அடக்குங்க!"

"அவன் சொன்னதுல எது சார் தப்பு?" என்று சின்னக்கருப்பன் நடுவரிடம் எகிறினார். பிறகு நடுவரையும் விட்டுவிட்டு அவரும் கம்பிமேல் ஒரு காலை வைத்தார். மீரா சாகிபுதான் இடுப்பைப் பிடித்து இறக்கினார்.

வேன் கிளம்பியது. கப்பு காரைக்குடியில் பழைய அலமாரிக்கே போய்விட்டது. விசில் நாளைக்கு மேசைக்குப் போக வேண்டும். கொஞ்ச தூரம் போனதும் சின்னக்கருப்பன் பின்பக்கம் திரும்பினார்.

"ஏலே முனியசாமி. கடைசிப் பந்த ஓரத்துல நின்னு போடச் சொன்னது எவன்டா?"

"எவனும் சொல்லல. நானாத்தான் போட்டேன்."

"தர்சிகன் மூணு பாயிண்டுக் கோட்டுக்கு நடுவுல தனியா நின்னான். கண்ணு பொடதியிலயா இருந்துச்சு?"

"தனியா எங்க சார் நின்னான்? நெட்டையன் அவன் கழுத்துல தொங்கிக்கிட்டுல்ல நின்னான்!"

"இல்ல சேர், நான் தனியாத்தான் நிண்டனான்" என்று முன் சீட்டிலிருந்து தர்சிகன் கத்தினான். "கையைக் காட்டினனான், இவன் பாக்கேல்ல!"

"காட்டுனியா? எப்படா காட்டுன?" முனியசாமி கடைசி சீட்டை விட்டு எழுந்து முன்னால் வந்துவிட்டான். ஆளாளுக்குக் கத்தினார்கள். பந்து எங்கே இருந்தது, யார் எங்கே நின்றது, நடுவர் எந்த ஃபவுலை விழுங்கினார் என்று சண்டை. டிரைவர்கூட ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நியாயம் சொன்னார். தேவகோட்டை போனது, திருவாடானை போனது. வத்தல் என்ற வார்த்தையை மட்டும் யாரும் எடுக்கவில்லை.