கண்ணாடி சார் சேர்த்துவைத்த துணிகள்

போன வியாழக்கிழமை காலை, செங்கல்பட்டில் என் வெளிநோயாளிகள் அறையில், ஒரு பெரியவரின் முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, "மூச்சை நல்லா இழுங்க" என்று சொன்ன நேரத்தில் செல்போன் மூன்றாவது முறையாக அடித்தது. மாமல்லபுரத்திலிருந்து கன்னியம்மா. சிற்பப் பட்டறையில் சிலைகளைத் தண்ணீர் விட்டுத் தேய்த்து மெருகு போடுகிறவர். எடுத்ததுமே, "மேடம், நம்ம கண்ணாடி சாரு பூட்டாரு மேடம்" என்றார். "காபி குடிச்சிகினு இருந்தாராம், அப்டியே சாஞ்சிட்டாராம். படூர்ல பொண்ணு வூட்லதான் வச்சிகினு கீறாங்களாம்." பெரியவர் இழுத்த மூச்சை விடாமல் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். விடச் சொல்ல மறந்துபோனேன்.

எங்கள் ஆய்வு நிலையத்தில் அவரோடு வேலை செய்த உங்களுக்கெல்லாம் அவர் மணிவேல். பழுதான கருவியைத் தூக்கிக்கொண்டு போனால், "யார் இதைக் கீழ போட்டது?" என்று முதலில் கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் திருகாணியைக் கழற்றுகிற கருவி நுட்பர். கோவில்பட்டிக்காரர். மனைவிக்கு அரசு வேலை. மனைவிக்கு ஒதுக்கிய அணுபுரம் வீட்டில் இருந்ததால், எங்கே குடியிருக்கிறீர்கள் என்று யாராவது கேட்டால், "வீட்டுக்காரி தயவுல இருக்கேன்" என்பார். எனக்கும் அவருக்கும் ஒரே வயது. எனக்கு இரண்டு மாதம் முன்னால் வேலையில் சேர்ந்தவர் என்பதால் கடைசிவரை தன்னை என் சீனியர் என்று சொல்லிக்கொண்டார். அவர் எப்படிக் 'கண்ணாடி சார்' ஆனார் என்பது உங்களில் பலருக்குத் தெரியாது. அதைச் சொன்னால் என் மானமும் கொஞ்சம் போகும். போகட்டும்.

தொண்ணூறுகளின் கடைசியில், கல் செதுக்குகிறவர்களின் நுரையீரலைத் தூசு என்ன செய்கிறது என்று பார்க்கும் ஆய்வு ஒன்றை என்னிடம் ஒப்படைத்தார்கள். நான் நுரையீரல் மருத்துவர். இரண்டு பட்டங்களும் அதற்கேற்ற தலைக்கனமும் இருந்த காலம் அது. தொழிலாளர்களிடம் கேட்க நான்கு பக்கத்துக்குக் கேள்வித்தாள் தயாரித்திருந்தேன். மணிவேல் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதுல 'தெரியாது'ன்னு ஒரு கட்டமே இல்லையே டாக்டர்" என்றார். எல்லோருக்கும் தெரிந்த விஷயத்தைத்தானே கேட்கிறோம் என்றேன். "எனக்கு என் கல்யாணத் தேதியே தெரியாது. வருஷா வருஷம் வாங்கிக் கட்டிக்கிறேன். ஒரு கட்டம் போடுங்க." முணுமுணுத்துக்கொண்டே போட்டேன். கணக்கெடுத்து முடித்தபோது, 'உங்களுக்கு என்ன நோய் என்று சொன்னார்கள்?' என்ற கேள்விக்கு அந்தக் கட்டத்தில்தான் அதிகம் டிக் விழுந்திருந்தது.

அப்படி டிக் போடச் சொன்னவர்களில் ஒருவர் ஏழுமலை. யாளி முகம் செதுக்குவதில் பெயர் வாங்கியவர். நாற்பது வயதுகூட ஆகவில்லை. பேச்சின் நடுவில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் அடுத்த சொல்லுக்குப் போவார். "டிபின்னாங்க, மாத்திர குட்த்தாங்க. சரியாவல. மறுக்காவும் டிபின்னாங்க, மறுக்காவும் அதே மாத்திர. இப்போ சளில பூச்சியே இல்லன்றாங்க. அப்போ எனக்கு இன்னா நோவுதான் மேடம்?" என்று கேட்டார். எக்ஸ்ரே படத்தையும் மூச்சையும் பார்த்த எனக்குக் கல்தூசு நோய் என்றுதான் பட்டது. ஆனால் பட்டதை எழுத முடியாது. பட்டறைக் காற்றில் எவ்வளவு தூசு இருக்கிறது என்று அளந்து காட்டினால்தான் அவருடைய நோயைத் தொழிலால் வந்தது என்று பதிவு செய்வார்கள். தூசு அடங்க, கல் அறுக்கும் இடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வைக்கச் சொல்லி மாவட்டக் குழு உத்தரவு போடவும் அந்த அளவுதான் வேண்டும். எல்லாம் எங்கள் அறிக்கையை நம்பி நின்றது.

ஏழுமலைக்கு ஒரு தம்பி, வடிவேலு. அதே பட்டறை, அதே கல், ஏறக்குறைய அதே வருஷங்கள். அவர் பாறைக்குன்றில் கடகடவென்று ஏறி இறங்குவார். மரபணு பற்றி உலகமே பேசிக்கொண்டிருந்த நேரம். எனக்குக் கை அரித்தது. இருவர் ரத்தத்தையும் எடுத்து ஆராய்ந்தால் தூசைத் தாங்கும் உடம்புக்கும் தாங்காத உடம்புக்கும் காரணம் கிடைக்காதா என்று மணிவேலிடம் ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்தேன். பொறுமையாகக் கேட்டார். மறுநாள் பட்டறைக் கம்பங்களில் எல்லாம் சிவப்பு ரிப்பன் துண்டுகளைக் கட்டிவிட்டு, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு மாலைவரை நின்றார். மதியத்துக்கு மேல் கடற்காற்று கிழக்கேயிருந்து அடித்தது. ரிப்பன் எல்லாம் மேற்கே பறந்தது. அறுக்கும் மெஷினுக்கு மேற்கே உட்கார்ந்திருந்தவர் அண்ணன், கடல் பக்கம் உட்கார்ந்திருந்தவர் தம்பி. "ரத்தத்துலயும் இருக்கலாம் டாக்டர், இல்லேன்னு சொல்லலை. ஆனா யார் எங்க உக்காந்திருக்காங்கன்னு மொதல்ல பாத்துக்கிடுவோம்" என்றார். எனக்கு எரிச்சலாக இருந்தது. அன்று திருக்கழுக்குன்றம் வழியாகப் பேருந்தில் திரும்பும்போது அவரோடு நான் பேசவில்லை.

தூசை அளக்க ஒரு சின்ன பம்ப். காற்றை இழுத்து வெள்ளை வடிதாள் வழியாக விடும். வடிதாளின் எடையைப் பார்த்தால் தூசின் அளவு தெரியும். பட்டறையில் அறுக்கும் மெஷின் ஓட ஆரம்பித்ததும் மின்னழுத்தம் இறங்கி, எங்கள் பம்ப் முக்கி முனகும். அதனால் மணிவேல் கூரைமேல் ஒரு சூரியத் தகடு வைத்து, பேட்டரியும், குறித்த நாளில் பம்பைத் தானாக ஓடவிடும் கடிகாரமும் பொருத்தினார். பம்ப் மட்டும் ஓடினால் போதும் எனக்கு. அவருக்கோ வேறொரு சந்தேகம் கிளம்பிவிட்டது. கல்தூசு படிந்தால் தகடு எவ்வளவு மின்சாரம் இழக்கும்? எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும்? பழைய வேட்டியைக் கைக்குட்டை அளவுக்குக் கிழித்துக் கன்னியம்மாவிடம் கொடுத்து, தினமும் சாயங்காலம் ஒரு துண்டால் தகட்டின் கண்ணாடியைத் துடைத்து, அந்தத் துண்டை ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு வைக்கச் சொன்னார். வாரம் ஒருமுறை வந்து, பைகளை வாங்கிக்கொண்டு, கூரை ஏறித் தகட்டை முகர்ந்து பார்க்காத குறையாகப் பார்த்துவிட்டு இறங்குவார். அந்த ஊருக்கு அவர் கண்ணாடி சார் ஆனது அப்படித்தான்.

மழையில்லாத மூன்று மாதங்களில், மாதத்துக்கு ஒரு நாள் அளப்பதாகத் திட்டம். அதே நாளில், ஊரில் ஒரு கல்யாண மண்டபத்தில் தொழிலாளர்களைக் கருவியில் ஊதச் சொல்லி மூச்சின் பலத்தையும் அளப்போம். ஆட்கள் வர வசதியான தேதியைப் பட்டறை உரிமையாளர் தொலைபேசியில் சொல்வார். நான் குறித்துக்கொள்வேன். கடிகாரத்தை அந்த நாளுக்கு மணிவேல் முன்கூட்டியே திருப்பி வைத்துவிடுவார். அன்று நாங்கள் இருவரும் நாள் முழுக்க மண்டபத்தில் இருப்போம். பம்ப் பட்டறையில் தானாக ஓடும். வந்து ஊதிவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள் என்று நான் பாட்டுக்கு நினைத்துக்கொண்டேன். எல்லோரும் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, குடும்பத்தோடு வந்து சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார்கள். அதையும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

மூன்று அளவுகளும் ஒன்றுபோல வந்தன. தூசு அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் இருந்தது. எனக்கு ஏமாற்றம்தான். ஆனாலும் மூன்று முறையும் மாறாமல் வந்த எண்களைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. பட்டறைக் காற்றில் குறையில்லை, மூச்சுத் தொல்லைக்கு வேறு காரணம் இருக்கலாம் என்று எழுதி, தட்டச்சு செய்து, அட்டை போட்டு வைத்தாயிற்று. திங்கட்கிழமை மாவட்டக் குழுவில் வாசிக்க வேண்டும். வெள்ளிக்கிழமை மத்தியானம் மணிவேல் ஒரு மூட்டையோடு என் அறைக்குள் வந்தார். சாப்பாட்டு டப்பாவை நகர்த்திவிட்டு மேசைமேல் பைகளை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றிலும் சாம்பல் நிறத்தில் ஒரு துணி, கூடவே ஒரு நாள்காட்டித் தாள். கன்னியம்மாவுக்கு எழுத வராது. தேதிக்காக அன்றன்று கிழித்த தாளையே உள்ளே போட்டு வைத்திருந்தார்.

"மூணே மூணு துணிதான் வெள்ளையா இருக்கு டாக்டர். நம்ம பம்ப் ஓடுன அதே மூணு நாள்." நான் தாள்களைப் பார்த்தேன். மூன்றிலும் கறுப்பு வட்டம். அமாவாசை.

அப்போதே கிளம்பி மாமல்லபுரம் போனோம். கன்னியம்மா சிரித்துவிட்டார். "இன்னா மேடம், அமாவாசைல எவன் உளி புடிப்பான்? பட்டறைய கழுவி, உளிக்குப் பொட்டு வச்சி, கதவ சாத்திட்டுப் போயிகினே இருப்பாங்க. அதான் ஒங்க மண்டபத்துக்கு அத்தினி பேரும் வந்தாங்க." எங்களுக்கு வசதி செய்து கொடுப்பதாக நினைத்துத்தான் உரிமையாளரும் விடுமுறை நாளாகப் பார்த்துச் சொல்லியிருக்கிறார். யார்மேலும் குற்றமில்லை. பட்டறையில் இருக்கவேண்டிய அத்தனை பேரும் என் எதிரே வரிசையில் நிற்கிறார்கள் என்றால் பட்டறையில் யார் வேலை செய்கிறார்கள் என்ற கேள்வி எனக்கு வரவேயில்லை. என் அறைச் சுவரிலும் அதே நாள்காட்டிதான் தொங்கிக்கொண்டிருந்தது.

வெட்கத்தைவிட அன்று பயம்தான் அதிகம். ஆய்வை நீட்டிப்பதா நிறுத்துவதா என்பதும் அதே திங்கட்கிழமை முடிவாகவிருந்தது. அறிக்கையைக் கொடுத்துவிடலாம், அடிக்குறிப்பில் 'அளவெடுத்த நாட்களில் வேலை குறைவு' என்று ஒரு வரி சேர்க்கலாம் என்றேன். மணிவேல் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். "வேலை குறைவா? ஒரு ஆள்கூட இல்லை டாக்டர். அடிக்குறிப்பை யாரு படிப்பா? ஏழுமலைக்குப் பேர் தெரியாத நோவாவே இருந்துட்டுப் போகட்டுமா?" என்றார். பிறகு குரல் இறங்கி, "கடிகாரத்தைத் திருப்பி வச்சது நான்தான். ரெண்டு பேரும் சேந்தே போய்ச் சொல்லுவோம்" என்றார்.

சொன்னோம். குழுவில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார், இன்னொருவர் பேனாவை மூடி வைத்தார். ஆய்வை எட்டு மாதம் நிறுத்தி வைத்தார்கள். எனக்கு வரவேண்டியிருந்த பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. நான் அவரிடம் பல நாள் சிடுசிடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். அவர் தினமும் காலையில் என் அறைக்கு வந்து, சுவரில் நாள்காட்டித் தாளைத் தானே கிழித்து, "இன்னிக்கு வேலை நாள்தான் டாக்டர்" என்று சொல்லிவிட்டுப் போவார். ஒரு நாள் சிரித்துத் தொலைத்தேன். அடுத்த கோடையில், உளிச் சத்தத்துக்கும் மெஷின் இரைச்சலுக்கும் நடுவே நின்று, வேலை நாட்களில் அளந்தோம். வடிதாள் வெளியே வந்தபோது அந்தத் துணிகளின் நிறத்தில் இருந்தது. அறுக்கும் இடங்களுக்குத் தண்ணீர்க் குழாய் வந்தது. ஏழுமலையின் அட்டையில் கல்தூசு நோய் என்று நான் என் கையால் எழுதினேன். அதற்குள் போன மூச்சைத் திருப்பித் தர என்னிடம் மருந்து இல்லை. அதையும் அவரிடம் சொன்னேன். தூசை விட்டு விலகினால் போதும் என்று கன்னியம்மாவோடு ஈர மெருகு வேலைக்கு மாறிக்கொண்டார்.

வியாழக்கிழமை மதியம் படூர் போனேன். மணிவேலின் மகள் வீடு மூன்றாவது மாடியில். கீழே, இருசக்கர வண்டிகள் நிறுத்தும் இடத்தில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் ஏழுமலை உட்கார்ந்திருந்தார். மாலை அவர் மடியில் இருந்தது. படியேற முடியவில்லை, அவரைக் கீழே கொண்டுவரும்போது போடுகிறேன் என்றார். சிறிது நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு வாட்டி டிபின்னு சொல்லி, வூட்ல எனக்குத் தனித் தட்டு வச்சிட்டாங்க மேடம். கொயந்தைங்கள கிட்ட வுட மாட்டாங்க. இது ஒட்ற நோவு இல்லன்னு நீங்க எய்திக் குட்த்தீங்களே, அன்னிக்கு சாயங்காலம்தான் எம் பொண்ணு ஓடியாந்து மடில குந்திச்சி. அந்த மன்ஷனாலதான மேடம்." இத்தனை வருஷத்தில் இந்தத் தட்டு விஷயத்தை அவர் என்னிடம் சொன்னதில்லை. என் கேள்வித்தாளில் அதற்குக் கட்டமும் இருக்கவில்லை. அங்கேயே, வண்டிகளுக்கு நடுவில் நின்று அழுதேன்.

அழுக்குத் துணிகளை எல்லாம் அப்போதே ஆய்வுக்கூடத்தில் எடை போட்டு, எரித்து, முடித்துவிட்டோம். தகட்டை எத்தனை நாளுக்கு ஒருமுறை துடைக்க வேண்டும் என்று மணிவேல் எழுத நினைத்த கட்டுரையை அவர் எழுதவேயில்லை. கேட்டால், இன்னும் ஒரு கோடை பார்க்கவேண்டும் என்பார். வெள்ளைத் துணிகளில் ஒன்று மட்டும், நாள்காட்டித் தாளோடு, என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. ஓர் ஆய்வில் எண்கள் எல்லாம் மாறாமல் ஒன்றுபோல வந்துவிட்டால், கையெழுத்துப் போடுவதற்கு முன் அதை வெளியே எடுத்து வைத்துக்கொள்வேன். நேற்றும் எடுத்தேன். வேட்டியின் கரை ஓரமாகக் கொஞ்சம் தெரிகிறது. எல்லோரும் கதவைச் சாத்திவிட்டுப் போன நாளில், தினமும் என்று அவர் சொல்லியிருந்தார் என்பதற்காக, கன்னியம்மா தனியாக வந்து கூரை ஏறித் துடைத்த துணி அது.