செல்வராணி சிஸ்டரும் நான் வைத்த சேனையும்

செல்வராணி சிஸ்டர் இறந்துவிட்டார். காலையில் அரும்பாவூர் பஸ்ஸில் ஒருவர் சொன்னார்... மாரடைப்பாம்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருந்தவர். எனக்கு எழுத்து தெரியாது, போனில் பேசி, அது எழுதித் தருவதைத்தான் எல்லோரும் பார்க்கப் போடுகிறேன். ஆனால் எதுவும் மறக்காது.

அந்த ஞாபக சக்திக்காகவே வேப்பந்தட்டைப் பக்கம் பிள்ளை பிறந்தால் சேனை வைக்க என்னைக் கூப்பிடுவார்கள். நாக்கில் ஒரு சொட்டு சர்க்கரைத் தண்ணீர். வைத்தவர் குணம் பிள்ளைக்கு வருமாம்.

ஆறு வருடம் முன்பு என் மகள் கவிதாவுக்கு ஏழாம் மாதத்திலேயே பையன் பிறந்தான். கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தான். சப்பிக் குடிக்கத் தெம்பில்லை. மூக்கில் டியூப்... இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இரண்டு மில்லி தாய்ப்பால்.

"இதுக்குக் குடலே இன்னும் முத்தலை தாத்தா. தாய்ப்பாலத் தவிர எதுவும் தாங்காது. சேனை கீனைன்னு வந்துடாதீங்க" என்றார் சிஸ்டர்.

தலையை ஆட்டினேன்.

பார்க்க விட்ட ஒரு நிமிடத்தில் சர்க்கரைத் தண்ணீர் தொட்ட விரலை அவன் நாக்கில் வைத்துவிட்டேன். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் வைத்த கை...

மறுநாள் வயிறு உப்பிவிட்டது. டியூபில் பச்சையாக வந்தது. மலத்தில் ரத்தம். பாலை நிறுத்திவிட்டார்கள்.

யாராவது ஏதாவது கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கவிதா அழுதுகொண்டே இல்லை என்று சத்தியம் செய்தாள். நான் பக்கத்தில்தான் நின்றேன்.

சிஸ்டர் மட்டும் என்னைப் படிக்கட்டுப் பக்கம் கூட்டிப் போனார். "என்ன வச்சீங்க?"

சொன்னேன். திட்டவில்லை. நேரே போய் டாக்டரிடம் சொன்னார். கவிதாவிடம் சொல்லவில்லை.

நான்காம் நாள் பேரன் போய்விட்டான். துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். கையில் கனமே இல்லை.

நான் வைத்ததால்தானா என்று சிஸ்டரிடம் கேட்டேன். "அதனாலதான்னும் சொல்ல முடியாது, இல்லேன்னும் சொல்ல முடியாது. மவ தன் பாலுதான் புள்ளைக்கு ஆவலைன்னு அழுவுது. நீங்களே சொல்லிடுங்க."

அதற்கப்புறம் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் எப்போது பார்த்தாலும் இரண்டே கேள்விதான். இன்னும் சேனை வைக்கிறீர்களா? இல்லைம்மா என்பேன். மகளிடம் சொல்லிவிட்டீர்களா?

நான் பஸ் போர்டைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். படிக்கத் தெரியாது என்று அவருக்கும் தெரியும்...

போன வருடம் கவிதாவுக்குப் பெண் பிறந்தது. நிறைமாதம்தான். பயத்தில் பால் கொடுக்கவே மாட்டேன் என்றுவிட்டாள். பவுடர் பால்தான். அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை.

கவிதா, உன் பால் நல்ல பால்தான் தாயி. வைத்தது நான்.

சொல்லிவிட்டேன் சிஸ்டர். போய் வாங்க.