சொல்லாததற்குக் கிடைத்த பெயர்

“சார், பூகம்ப வாத்தியாரு காலையில போயிட்டாராம்.” பஸ் ஸ்டாண்டு எதிரே ஜீப்பை நிறுத்திவிட்டு டிரைவர் ஒருவர் சொன்னார். தேவசகாயத்தைச் சொல்கிறார் என்று புரிய எனக்குச் சற்று நேரமாயிற்று. அவரும் நானும் ஒரே கல்லூரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் கணிதம், அவர் நிலவியல். அந்தப் பட்டப்பெயரை அவர் எவ்வளவு வெறுத்தார் என்பது எனக்குத் தெரியும்.

பூமிக்குள் முழுக்க நெருப்புக் குழம்பு என்று எழுதியவர்களை அவர் லேசில் விடமாட்டார்; அவரிடம் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். ஒரு மாணவி, பூமியும் ஏலக்காய் மாதிரி, மேலே மெல்லிய தோல் என்றாளாம். “தோலு வரைக்கும் சரிம்மா. அதுக்குக் கீழயும் கெட்டிப் பாறைதான். சூட்டுல அந்தப் பாறையே மெல்ல நகருது, நகம் வளர்ற மாதிரி. நம்ம நாட்டைச் சுமக்குற பாறைத் தட்டும் அப்படித்தான் போயிக்கிட்டிருக்கு. நீ வெரசா குழம்பு வச்சிராத” என்று சொன்னதாக அவரே சொல்லிச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு பிறகு காணாமல் போனது. ஒரு கோடையின் முடிவில் மலையில் நிலம் அதிர்ந்தது. அடுத்தது பெரிதாக வரும் என்று வதந்தி கிளம்பியது. மேலே ஏலத்தோட்டங்களில் வாரக்கணக்கில் தங்கி வேலை பார்க்கும் பெண்கள் போடிமெட்டு ஜீப்பில் ஏற மறுத்தார்கள். தேவசகாயத்தின் அண்ணனுக்கும் அங்கே ஒரு தோட்டம் உண்டு. அவர் தம்பியை ஜீப் நிற்கும் இடத்துக்கு அழைத்துப்போனார். நானும் உடன் போனேன்.

“தம்பி, பூகம்பம் வராதுன்னு ஒரு வார்த்தை சொல்லு. ஏறிருவாங்க.”

“வராதுன்னு எப்படிண்ணே சொல்றது?”

“அப்ப வருமா சார்?” என்றார் தூக்குவாளியோடு நின்ற ஓர் அம்மாள்.

“அதையும் சொல்ல முடியாதும்மா. தட்டோட விளிம்பு இமயமலைப் பக்கம் இருக்கு, நாம ரொம்ப உள்ள தள்ளி இருக்கோம். அதனால பெருசா வர்றது அபூர்வம். பழைய விரிசல் அப்பப்ப அசையும். என்னைக்குன்னு யாருக்கும் தெரியாது. ஆனா அண்ணன் தோட்டத்துல நீங்க தங்குற லயன் வீட்டுக்குப் பின்னால சரிவை வெட்டி வச்சிருக்காங்கள்ல, அதைப் பாருங்க. மழை பெஞ்சா அதுக்குக் கீழ படுக்காதீங்க.”

“வேற எங்க சார் படுக்க, உங்க வீட்லயா?” என்றார் அந்த அம்மாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அண்ணன் சிரிக்கவில்லை. “படிச்ச படிப்புக்கு வருமா வராதான்னு சொல்லத் துப்பில்ல. என் தோட்டத்தைக் குத்தம் சொல்ல வந்துட்டான்” என்றார். பிறகு நெடுநாள் அவர் தம்பியோடு பேசவில்லை.

சில நாளில் மறுபடி லேசாக அதிர்ந்தது. வாத்தியாருக்கு முன்பே தெரியும், அண்ணனுக்குப் பயந்து மறைத்துவிட்டார் என்று ஊர் முடிவு செய்தது. “வாத்தியாரே, நாளைக்கு லோடு ஏத்தலாமா, பூமி ஆடுமா?” என்று கடைத்தெருவில் அவரிடம் கேட்பார்கள். முதலில் பொறுமையாக விளக்கினார், பிறகு திட்டினார், கடைசியில் கடைத்தெருவுக்கு வருவதையே விட்டுவிட்டார். வெட்டிய சரிவைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. மழையில் அது சரிந்து லயன் சுவரைத் தள்ளியது. உள்ளே ஆளில்லாதது அதிர்ஷ்டம். அதையும் பூகம்பத்தின் கணக்கில் சேர்த்துவிட்டார்கள்.

அஞ்சலிக் கூட்டத்துக்கு அண்ணன் வைத்த பேனரில் ‘நிலநடுக்கத்தை முன்கூட்டியே அறிவித்த மேதை’ என்று இருந்தது. மாற்றச் சொல்லி அவரிடம் போனேன்.

“செத்தவனுக்குப் பெருமையாத்தான சார் போட்டிருக்கேன். உங்களுக்கு எங்க வலிக்குது?”

மேடையில் என் முறை வந்தபோது, அவர் எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை, சொல்ல முடியாது என்றுதான் சொன்னார் என்றேன். கைதட்டினார்கள். அடுத்துப் பேசியவர், “எவ்வளவு தன்னடக்கமான மனுசன் பாருங்க” என்றார். நான் சொன்ன விதம்தான் தவறோ என்று எனக்கு இன்னும் சந்தேகம். அதனால்தான் எழுதுகிறேன்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அவருடைய எரிச்சலை மட்டும்தான். என் சுபாவத்துக்கு அது பொருந்தவில்லை. நேற்று டீக்கடையில் ஒருவர், “வாத்தியாரு போயிட்டாரு. இனி யாரு சார் நமக்குச் சொல்லுவா?” என்றார்.

“அவரும் சொல்லல. யாராலயும் முடியாது. மழை வருது, போயி லயனுக்குப் பின்னால மிச்சமிருக்கிற அந்தச் சரிவைப் பாருங்கய்யா” என்றேன்.

டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருடத்தில் நான் இவ்வளவு சத்தமாகப் பேசி அவர் கேட்டதில்லை.