அவன்ர சைக்கிளை அவன்ர மலையில ஏத்தினது

எங்கட மல்லாவிப் பக்கம் ஒருத்தர் தன்ர சைக்கிளை ஒரு வீட்டில விட்டிட்டுப் போனால், அவர் திரும்பி வருவார். இதில ஆருக்கும் சந்தேகமில்லை. சனம் இடம்பெயர்ந்து ஓடேக்கை வீட்டை விட்டது, மாட்டை விட்டது, சைக்கிளை விடேல்லை. அதால, எங்கட வீட்டில அறை எடுத்திருந்த மலைநாட்டு வாத்தியார் மாற்றம் கிடைச்சு ஊருக்குப் போகேக்கை, "சைக்கிள் இங்கயே நிக்கட்டும், வந்து எடுத்துக்கிறேன்" எண்டு என்னைப் பார்த்துச் சொன்னதை, அம்மா சம்பந்தம் பேசினமாதிரியே எடுத்தா. நானும்தான்.

அவன் கலியாணம் கட்டினதை எனக்குக் காட்டினது பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒராளின்ர போன். மாலையும் கழுத்துமாய்ச் சிரிச்சுக்கொண்டு நிக்கிறான், அறுவான். அதுவரைக்கும் நான் வெள்ளிக்கு வெள்ளி அவன்ர சைக்கிளைத் துடைச்சு, எண்ணெய் விட்டு, காத்தடிச்சு வைச்சுக்கொண்டிருந்தனான். என்ர விசருக்கு என்ன சொல்ல!

அண்ணா லொறியில ஏத்தி அனுப்புவம் எண்டார். அம்மா குளத்துக்க தள்ளச் சொன்னா. "ஒருத்தரும் தொடவேண்டாம். நானே இதில ஏறி ஓடிக்கொண்டு போய் அவன்ர வாசலில எறிஞ்சிட்டு வாறன்" எண்டு வெளிக்கிட்டன். அம்மா தலையில கை வைச்சுக்கொண்டு இருந்திட்டா.

கம்பளை வரைக்கும் பெரிசாய்ச் சொல்ல ஒண்டுமில்லை. தெரிஞ்ச ஆக்களின்ர வீடுகளில படுத்தெழும்பிப் போய்ச் சேர்ந்தன். அதுக்கங்கால மலை. விடியவே பெடலை உழக்கத் தொடங்கினனான்.

எங்கட ஊரில ஏத்தம் எண்டால் குளக்கட்டு ஒண்டுதான். அதிலயே நான் இறங்கி உருட்டுவன். அவன் பின்னால வந்து கரியரில கை வைச்சுத் தள்ளுவான். "எங்க ஊருக்கு வந்தா முதல் வளைவிலேயே அழுதிருவீங்க" எண்டு பகிடி வேற. முதல் வளைவில நான் அழேல்லை. ரெண்டாவதில அழுதன். நாரியும் முதுகும் விட்டுப்போச்சு, நாக்கு வெளியில வந்திட்டுது, இந்தச் சைக்கிளுக்குக் கியரும் இல்லை, ஒரு இழவும் இல்லை. உழக்கினது பாதி, உருட்டினது பாதி. ஒவ்வொரு முறை இறங்கேக்கையும் அவனைப் பேரைச் சொல்லித் திட்டிப்போட்டுத்தான் இறங்கினனான்.

புசல்லாவையில ஒரு கடையில பிளேன்ரீ குடிக்கேக்கை, மரக்கறி லொறிக்காரர் ஒருத்தர், "ஏத்திக்கிட்டுப் போறேன் தங்கச்சி, மேல இன்னும் மோசம்" எண்டார். நல்ல மனுசன். வேண்டாம் எண்டு சொல்லிட்டன். லொறியில போய் இறங்கி ஒருத்தனைப் பழிவாங்கிறதில என்ன ருசி இருக்கு?

மத்தியானம் திரும்பினாப்பிறகு மழை பிடிச்சுது. றம்பொடையில தண்ணி மலையிலயிருந்து விழுகிற சத்தத்தில என்ர திட்டு எனக்கே கேக்கேல்லை. பிறகு பனிப்புகார் மூடிச்சுது. உடம்பெல்லாம் வேர்வை, கையெல்லாம் குளிர். ஒரு வளைவு முடிய, மேல தேயிலைக்குள்ள அடுத்த வளைவில பஸ் லைற் போறது தெரியும். அங்கயுமோ, சனியனே, எண்டு சொல்லிச் சொல்லி ஏறினன். காண்டில் பிடியில இருந்த பெல்லுக்கு மட்டும் துணி சுத்திக் கட்டியிருந்தன். முந்தி பின்னேரத்தில எங்கட வாசல் படலையில வந்து அவன் ரெண்டுதரம் அடிக்கிற பெல் அது. குழியில விழேக்கை அது கிணுங்கினால் எனக்கு வயிறு எரியும்.

நுவரெலியாவுக்குக் கொஞ்சம் கீழ, றோட்டோரத்தில அவன்ர வீடு. கடையில கேட்டு வந்து சேரப் பொழுது சாய்ஞ்சிட்டுது. எறியிறதுக்கெண்டு சைக்கிளைத் தூக்கினன். தூக்கின கை இறங்கிட்டுது. சீலையெல்லாம் சேறு எண்டு நினைக்கிறியளோ, சீலை கட்டி மலை ஏறேலுமோ, அண்ணான்ர ரவுசர்தான். அந்தச் சேற்றோட நிண்டு யோசிச்சன். இந்த ஏத்தம் முழுக்க ஏறினது நான். இதை ஏன் இவனுக்குக் குடுக்கவேணும்?

துணியை அவிழ்த்து, பெல்லை ரெண்டுதரம் அடிச்சன். இந்தமுறை நான் அடிக்க, அவன் ஓடிவந்தான். முகத்தில ரத்தமில்லை. சைக்கிளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு றோட்டைப் பார்த்தான். வேறை ஆரையும் தேடினான்போல. பின்னால அவன்ர மனுசியும் வந்தா, ஈரக்கையைத் துடைச்சுக்கொண்டு.

"யாருங்க இது?"

"அது... நான் தங்கியிருந்த வீட்டுத் தங்கச்சி."

தங்கச்சியாம்! எனக்கு வந்த ஆத்திரத்துக்கு ஒரு அறை விட்டிருப்பன். விடேல்லை. பையிலயிருந்து குறட்டை எடுத்தன், பெல்லைக் கழட்டினன், அவன்ர மனுசியின்ர கையில வைச்சன்.

"இதை நீங்கள் வைச்சிருங்கோ. இவர் ரெண்டுதரம் அடிச்சால் வாறன் எண்டு அர்த்தம். மூண்டு வருசம் இதைத் துடைச்சு வைச்சுக்கொண்டு, நானும் அம்மாவும் இவர் வருவாரெண்டு படலையைப் பார்த்துக்கொண்டிருந்தனாங்கள்."

அவா பெல்லைப் பார்க்கேல்லை. அவனைத்தான் பார்த்தா. அவன் காண்டிலுக்குக் கையை நீட்டினான், எடுத்து உள்ளுக்கு வைக்கப்போறவன்மாதிரி. நான் கையைத் தட்டிவிட்டன்.

"இது என்ர சைக்கிள்" எண்டு சொல்லித் திருப்பினன்.

இறக்கத்தில ஒரு உழக்கும் தேவைப்படேல்லை. பெல் இல்லாதபடியால் வளைவுக்கு வளைவு "விலத்துங்கோ, விலத்துங்கோ!" எண்டு கத்திக்கொண்டு வந்தன். அந்த மலையில ஆருக்கு எங்கட கதை விளங்கினதோ தெரியாது, எல்லாரும் விலத்தினவை.