மேடையில் கிடைத்த உரமூட்டை

விவசாயிகளுக்கு அரசாங்கம் மானிய உரம் கொடுக்கத் தொடங்கிய காலத்தில், கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டின் பல்கனியில் ஒரு மூட்டை யூரியா சில நாட்கள் கிடந்தது. அம்மாவும் நானும் அங்கே வளர்த்தது ஒரு துளசிச் செடி மட்டும்தான்.

மூட்டை சித்தப்பாவுடையது. அது யுத்த காலம்; அவருடைய வயல் வவுனியாவுக்கு அப்பால், ஆமியின் சோதனைச் சாவடியையும் தாண்டிய பக்கம் இருந்தது. மானியத் திட்டத்தைக் கொழும்பில் விழா எடுத்துத் தொடக்கி வைக்க ஓர் அமைச்சருக்கு ஆசை வந்தது. மேடையில் தமிழ் விவசாயி ஒருவரும் நிற்க வேண்டுமாம். மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியின் ஆட்கள் சித்தப்பாவைப் பிடித்து அனுப்பிவிட்டார்கள்.

நான்தான் அவரைக் கூட்டிப் போனேன். ஏசி மண்டபம். முன்வரிசைகளில் கோட்டுப் போட்டவர்கள், கடைசி வரிசையில் விவசாயிகள். மண்ணின் மகத்துவம் பற்றி அமைச்சர் நெடுநேரம் முழங்கினார். பிறகு சித்தப்பாவுக்கு மூட்டையைக் கொடுத்தார். கொடுத்தார் என்பது பேச்சுக்குத்தான். இரண்டு பியோன்மார் அடியில் தாங்கிப் பிடிக்க, அமைச்சர் விரல் நுனியால் அதைத் தொட்டபடி கமராவைப் பார்த்துச் சிரித்தார்.

விழா முடிந்ததும் வாசலில் நின்ற அதிகாரியிடம் சித்தப்பா போனார்.

"ஐயா, யூரியாவில குண்டு செய்யலாமெண்டு எங்கட பக்கம் கொண்டுபோக விடமாட்டினம். ஏதும் பாஸ் தருவியளோ?"

நான் சிங்களத்தில் சொன்னேன். அது பாதுகாப்பு அமைச்சின் விஷயம், தங்கள் வேலை உரம் கொடுப்பது மட்டும்தான் என்றார் அதிகாரி.

"அப்ப நீங்களே வச்சிருங்கோ" என்றார் சித்தப்பா.

அதுவும் முடியாதாம். வடக்கு விவசாயிக்குக் கொடுத்தாயிற்று என்று பதிந்துவிட்டார்களாம். சொல்லும்போது அந்த மனிதருக்கு வெட்கமே இருக்கவில்லை. வயலுக்குப் போக முடியாத உரத்தைக் கொடுத்துவிட்டுக் கைதட்டலும் வாங்கிய அரசாங்கம் அது.

மூட்டையை த்ரீவீலரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். கதவைத் திறந்த அம்மா நெஞ்சில் கைவைத்தாள்.

"ஐயோ, தமிழ் வீட்டுக்குள்ள யூரியாவோ? செக்கிங் வந்தா எங்களை ஆர் நம்புவினம்?"

பழைய பெட்ஷீட்டால் மூடி வைத்தோம். பாஸ் கேட்டு மறுநாள் உரம் தந்த அமைச்சுக்கே போன சித்தப்பாவைக் காவலாளி கேற்றுக்குள்ளேயே விடவில்லை. முந்தின நாள் அவரோடு நின்று படமெடுத்த அதே அமைச்சு!

ஞாயிறு காலை பொலிஸ் செக்கிங் வந்தது. சார்ஜன்ட் ஒருவர் நேராகப் பல்கனிக்குப் போய் பெட்ஷீட்டை இழுத்தெடுத்தார். அம்மா சுவரோடு சாய்ந்துவிட்டாள். பத்திரிகையில் வந்திருந்த விழாப் படத்தை நான் ஓடிப்போய் எடுத்துக் காட்டினேன். அவர் படத்தைப் பார்த்தார், சித்தப்பாவைப் பார்த்தார். கைது செய்யப் போகிறார் என்றே நினைத்தேன்.

"எத்தனை ஏக்கர்?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"நாலு" என்றேன்.

தன் அப்பாவும் குருநாகல் பக்கம் வயல் செய்பவர்தான், மானிய உரத்துக்கு வரிசையில் நின்று நின்று வெறுங்கையோடு திரும்புகிறார் என்று அமைச்சரைத் திட்டத் தொடங்கினார். திட்டி முடித்ததும், இது இந்த வீட்டில் இருப்பது உங்களுக்குத்தான் ஆபத்து என்றார். கான்ஸ்டபிள்கள் இருவர் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போய் ஜீப்பில் போட்டார்கள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சித்தப்பாவிடம் பாய்ந்தேன். "உங்கட உரத்தைப் பகலிலயே கொண்டுபோறாங்கள். பாத்துக்கொண்டு நிக்கிறியள்?"

"போகட்டும், பிள்ளை. அது அந்தாளின்ர அப்பன்ர வயலுக்குத்தான் போகும். அவரும் எங்களைப்போல வயலில கிடந்து மாயிற ஆள்தானே. உன்ர அம்மாவுக்கு முதல்ல தேத்தண்ணி குடு."

அடுத்த நாள் சித்தப்பா ஊருக்குப் போனார். அந்தப் போகம் மாட்டெருவும் பூவரசங்குழையும் தாட்டுத்தான் விதைத்தார். விளைச்சல் சுமார்தான் என்று சொல்லியனுப்பினார்.

அடுத்த வருட விழாவுக்கும் கச்சேரியிலிருந்து ஆள் வந்ததாம். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பிவிட்டு, சித்தப்பா களத்தில் நெற்கதிர்ச் சூடடிக்கப் போய்விட்டார்.