படம் மட்டும் இருந்த கூடம்

மார்கழி விடியலில் வெறுங்காலோடு உள்ளே நுழைந்ததும் உள்ளங்காலிலிருந்து மேலே ஏறும் சிவப்புத் தரையின் குளிர், முந்தின நாள் திரியின் கரிந்த எண்ணெய் வாடை, பின்கட்டில் சுண்டலுக்குத் தாளிக்கும் கடுகின் மணம். இந்த மூன்றும் சேர்ந்ததுதான் எனக்கு எங்கள் தெருவின் பஜனைக் கூடம். அம்பத்தூருக்கும் திருமுல்லைவாயிலுக்கும் நடுவே, மின்சார ரயிலின் ஊதல் கேட்கும் தொலைவில் அது இருந்தது. வெளியாள் யாராவது கோயில் என்று சொன்னால், "கோயிலு இல்லப்பா, கூடம்" என்று தெருவில் யாரேனும் ஒருவர் திருத்திவிடுவார்.

ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்த காலத்தில், அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் பிழைத்தவர்கள் எங்கள் தெருவின் முன்னோர். பெரிய கோயிலில் அவர்களால் எதுவரை போக முடிந்தது என்பதை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அதைக் கேட்கும்போதெல்லாம் கூடம் கட்டிய கதையைத்தான் சொல்வார்கள். முதலில் கீற்றுக் கொட்டகை, பிறகு மண் சுவர். வயல்கள் போய்த் தொழிற்சாலைகள் வந்ததும், பாடியிலும் ஆவடியிலும் வேலைக்குச் சேர்ந்த பிள்ளைகள் ஞாயிற்றுக்கிழமைகளில் தாங்களே செங்கல் சுமந்து சுவர் எழுப்பி, ஓடு வேய்ந்து, சிவப்புச் சிமெண்டைக் கண்ணாடிபோலத் தேய்த்துத் தரை போட்டார்கள். அந்தப் பிள்ளைகளில் என் அப்பாவும் ஒருவர்.

உள்ளே சிலை கிடையாது. கிழக்குச் சுவரில் வள்ளி தெய்வானையோடு முருகன் இருக்கும் கண்ணாடி போட்ட படம், அதன் முன்னால் ஒரு குத்துவிளக்கு, மூலையில் ஆர்மோனியப் பெட்டி. சிலை இல்லாததால் பூசாரி தேவைப்படவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரு வீட்டின் "விளக்கு முறை". எங்கள் முறை வந்தால் நான் படத்தின் கண்ணாடியை ஈரத்துணியால் துடைப்பேன், அக்கா முக்காலியில் ஏறிப் பூச்சரத்தை மாட்டுவாள். கிருத்திகைதோறும் பஜனை, ஆடிக் கிருத்திகைக்கு அங்கிருந்துதான் திருத்தணிக்குக் காவடி புறப்பாடு. மற்ற நாட்களில் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகள் அங்கே படுத்துக் கிடப்பார்கள். வளைகாப்பு, காதுகுத்து எல்லாம் அங்கேதான். ஏரி நிரம்பித் தெருவுக்குள் தண்ணீர் வந்த வருஷத்தில் நாங்கள் ஆட்டுக்குட்டிகளோடு அங்கே தூங்கினோம். எங்கள் தெருவில் நடந்த கல்யாணங்கள் யாவும் அந்தப் படத்தின் எதிரில் நடந்தவை, அம்மா அப்பா கல்யாணம் உட்பட.

பஜனைக்கு முன்பாட்டு எடுப்பவர் ஆறுமுகம் மாமா. எந்தப் பாட்டையும் அவர் தொடங்கினால்தான் மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள். அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர்கள் இல்லை. அவரைத்தான் அண்ணன் என்று கூப்பிடுவாள். அக்கா பெரியவளானபோது தாய்மாமன் இடத்தில் நின்று சீர் செய்ததும் அவரே. தெருவில் ஒரு பேச்சு முடிவாக வேண்டுமென்றால், "மாமா இன்னா சொல்றாரு?" என்று கேட்டுவிட்டுத்தான் முடிப்பார்கள்.

அக்காவுக்குக் கல்யாணம் நிச்சயமான ஆண்டில், லாரி வைத்துத் தொழில் செய்த ஒருவர் தெருமுனையில் வீடு கட்டிக் குடிவந்தார். கூடத்தை இடித்துக் கருங்கல் சிலைகளோடு கோயிலாகக் கட்டித் தருவதாகச் சொன்னார். தெரு முழுக்கக் கூடத்தில் உட்கார்ந்து அதைப் பேசியது. எல்லாருக்கும் சந்தோஷம்தான், அப்பா ஒருவர்தான் தயங்கினார்.

"அண்ணாத்தே, கல்லு வந்தா நல்லதுதான். ஆனா தையில பொண்ணு கல்யாணம் கீது. இங்கதான் பண்ணணும்னு சொல்லிகினு கீது. அதுக்குத் தடங்கல் ஒண்ணும் வராதே?"

"இன்னாப்பா இது கேள்வி? கல்லு வந்தா ஊடு மாறிடுமா? அது நம்ம ஊடு. சாமி எதிர்ல நடக்கப்போற மொதோ கல்யாணமே என் மருமவளோடதுதான்" என்றார் ஆறுமுகம் மாமா.

"மாமே, அப்போ மொதோ பந்தில எனக்கு ஒரு எல சொல்லி வெச்சுடு" என்று பின்னாலிருந்து ஒருவர் குரல் கொடுக்க, எல்லாரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்துவிட்டுச் சம்மதம் சொன்னார். மறு வாரமே மண் வெட்டவும் கல் சுமக்கவும் முதல் ஆளாகப் போய் நின்றதும் அவர்தான்.

கும்பாபிஷேகத்துக்கு முந்தின நாள் "எண்ணெய்க் காப்பு". புதுச் சிலைகளுக்கு எல்லாரும் தங்கள் கையாலேயே நல்லெண்ணெய் சாத்தலாம் என்று குருக்கள் சொன்னார். கிண்ணமும் கையுமாகத் தெருவே வரிசையில் நின்றது. வள்ளியின் தோளிலிருந்து மணிக்கட்டுவரை அக்கா நீவி நீவி எண்ணெய் தடவியதைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக் கண்ணம்மா அத்தை, "இவ்ளோ எண்ண வெச்சிட்டியேடி, சீயக்கா யாரு தேய்க்கிறது?" என்றாள். எனக்குச் சிலையின் பாதம்தான் எட்டியது. கருங்கல் எண்ணெயைக் குடித்துக் கறுத்துப் பளபளத்தது. முக்காலி போட்டு எட்ட வேண்டியிருந்த சாமி இப்போது கையெட்டும் இடத்துக்கே வந்துவிட்டதென்று நாங்கள் நினைத்தோம்.

கோயில்களின் வழக்கம் தெரிந்த எவருக்கும், எண்ணெய்க் காப்பு என்பது குருக்களைத் தவிர மற்றவர் கை சிலைமீது கடைசியாகப் படும் நாள் என்று தெரிந்திருக்கும். எங்களுக்குக் கூடம் தெரியும், கோயில் தெரியாது. வழியனுப்பும் சடங்கை வரவேற்பு என்று நம்பி மகிழ்ந்தவர்கள் நாங்களாகத்தான் இருப்போம்.

கும்பாபிஷேகம் முடிந்தது. ஆறுமுகம் மாமாவின் தலையில் பரிவட்டம் கட்டி, அவர்தான் இனி தர்மகர்த்தா என்றார்கள். பழைய படம் இருந்த இடத்தில் கருவறை, அதன் முன்னால் ஒரு சிறு மண்டபம், மண்டபத்துக்கு இரும்புக் கம்பிக் கதவு. விளக்கு முறை நின்றுபோனது. துடைத்துப் பழகிய கையோடு நான் இரண்டொரு நாள் துணியை எடுத்துக்கொண்டு போய், கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டுத் திரும்பினேன்.

கல்யாணப் பத்திரிகை வந்ததும் முதல் பத்திரிகையைச் சாமிக்கு வைக்க அம்மாவும் அக்காவும் நானும் போனோம். அதை வாங்கிய குருக்கள் படித்துப் பார்த்துவிட்டுக் குழம்பிப்போனார்.

"கல்யாணம் இங்கேன்னு போட்டிருக்கேம்மா. பிரதிஷ்டை ஆயிட்டா மணமேடை, பந்தி, எச்சில் இலை, இதெல்லாம் இங்க கூடாது. கல்லு வரதுக்கு முன்னாடியே இவர்கிட்ட சொல்லிட்டேனே. தெருவுல எல்லாரையும் கேட்டாச்சு, எல்லாருக்கும் சம்மதம்னாரே."

அவர் கைகாட்டிய இடத்தில், சாமிக்குச் சாத்திய துண்டை மடித்துக்கொண்டு ஆறுமுகம் மாமா நின்றிருந்தார்.

"எங்கள எப்போ கேட்டீங்கண்ணே?" என்றாள் அம்மா.

மாமா துண்டின் ஓரங்களைச் சரிபார்த்தார். "பெரிய காரியம் நடக்கசொல்லோ கொஞ்சம் விட்டுக் குடுக்கணும்மா. தாலிய வேணும்னா வாசல்ல நின்னு கட்டிக்கட்டும். நான் கூட நிக்கிறேன்."

"எங்க கூடத்துக்கு வெளியில நின்னா மாமா?" என்றாள் அக்கா.

குருக்கள் பத்திரிகையைத் திருப்பித் தருவதா, உள்ளே வைப்பதா என்று தெரியாமல் கையிலேயே வைத்திருந்தார். அம்மா அதை வாங்கிக்கொண்டாள்.

எங்கள் வீட்டு வாசலில் ஷாமியானா போட்டுக் கல்யாணம் நடந்தது. பந்தி தெருவில். ஆறுமுகம் மாமா தாய்மாமன் சீர்த் தட்டோடு வந்தார். மாலையை எடுத்து அக்காவின் கழுத்தில் போடப் போனபோது அவள் தலையைக் குனியவில்லை. நிமிர்ந்து அவரையே பார்த்தாள். மாலை அவர் கையிலேயே நின்றது. "சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்றாள் அம்மா. அதன்பின் அவருடன் அம்மா பேசியதாக எனக்கு நினைவில்லை. அப்பா கோயிலைத் தாண்டிப் போகும்போதெல்லாம் தலையை மறுபக்கம் திருப்பிக்கொள்வார். அதைக் கட்டியவர்களில் அவரும் ஒருவர் என்று தெரிந்தவர்கள் இப்போது தெருவில் குறைவு. பஜனையும் மெல்ல மெல்ல நின்றது. பாட்டு இப்போது ஒலிபெருக்கியில் வருகிறது. காவடி எடுப்பவர்கள் தனித்தனியாகக் காரில் போகிறார்கள்.

சென்ற ஆவணியில் ஆறுமுகம் மாமா இறந்துபோனார். ஐயப்பன்தாங்கலிலிருந்து அக்கா வந்தாள். கூடம் இருந்த நாட்களில், தெருவில் யார் இறந்தாலும் பாடையைக் கூடத்தின் வாசலில் ஒரு கணம் நிறுத்துவார்கள். இரண்டு கதவும் விரியத் திறந்திருக்கும். மாமா உள்ளிருந்து ஒரு பாட்டெடுக்க, ஜால்ராவோடு தெரு பின்பாட்டுப் பாடும், பிறகுதான் சுடுகாட்டுக்குப் புறப்பாடு. கோயிலான பிறகு, தெருவில் பிணம் இருக்கும்வரை நடை சாத்திவிடுகிறார்கள். ஓசூரிலிருந்து மகன் வந்து சேர மாலையாகிவிட்டது. அதுவரை அவர் கட்டவைத்த கோயில் பூட்டியே கிடந்தது. கதவை மட்டும் கொஞ்ச நேரம் திறக்க முடியுமா என்று அவர் மனைவி ஆளனுப்பிக் கேட்டாராம். கூடாது என்று இப்போதைய இளம் குருக்கள் வருத்தத்தோடுதான் சொல்லியிருக்கிறார்.

நானும் அக்காவும் எங்கள் பழைய வீட்டு வாசலில் நின்றோம். பாடையைத் தூக்கிவந்தவர்களில் வயதானவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். பழக்கத்தில் அவர்கள் கால்கள் கோயில் வாசலில் நின்றுவிட்டன. பாட்டை யார் தொடங்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. முன்பாட்டு எடுப்பவர்தான் பாடையில் இருந்தார்.

"போலாம்பா, பின்னால வண்டிங்க நிக்கிது" என்றான் ஒரு இளைஞன். நகர்ந்தார்கள்.

"எல்லாருக்கும் சம்மதம்னு ஏன் சொன்னீங்கன்னு ஒரு நாளைக்கு மாமாவக் கேக்கணும்னு இருந்தேன்" என்றாள் அக்கா. முகத்தைத் துடைத்துக்கொள்ளவில்லை. துடைக்க ஒன்றுமில்லை.

ஊர்வலம் முனை திரும்பியது. கோயில் பணியாள் ஒரு குழாயைப் பிடித்து, பாடை நின்ற இடத்தில் தண்ணீர் அடித்துக் கழுவிவிட்டான். பிறகு தாழ்ப்பாளை நீக்கும் சத்தம் கேட்டது.