மாமா வெட்டிய பின்சீட்டு

மோட்டார் சைக்கிளின் பின்சீட்டை வெட்டி எடுப்பது நாட்டுச் சட்டத்தில் எவ்வளவு பெரிய குற்றம் என்று எனக்குத் தெரியாது. எங்கள் வளவுக்குள் அதைவிடப் பெரிய குற்றம் அதற்கு முன்னும் நடக்கவில்லை, பின்னும் நடக்கவில்லை. செய்தவர் என் மாமா, உம்மாவின் ஒரே தம்பி. பாதிக்கப்பட்டவர்கள் பலர். முதலாவது ஆள் நான்.

எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள் என்று இப்போது என்னைப் பற்றி எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வாசலை நோக்கி நான் எதில் ஏறிப் புறப்பட்டேன் என்று ஒருவரும் சொல்வதில்லை. நற்பிட்டிமுனையிலிருந்து கல்முனைக்கு, வயலுக்கு நடுவால் போகும் றோட்டில், மாமாவின் பழைய ஹொண்டாவின் பின்சீட்டில் இருந்துதான் நான் ரியூஷனுக்குப் போனேன். வாய்ப்பாடெல்லாம் அந்தச் சீட்டில்தான் பாடமாக்கினேன். மாமாவின் சேட்டுக் கொலருக்குக் கீழே ஒரு நூல் பிரிந்து தொங்கிக்கொண்டிருக்கும். ஏழாம் வாய்ப்பாடு என்றால் இன்றும் எனக்கு அந்த நூல்தான் ஞாபகத்துக்கு வரும்.

சீட்டு எனக்கு மட்டும் சொந்தம் என்று நான் உரிமை கோரவில்லை. நான் நியாயத்தோடு கதைக்கிற ஆள். உம்மாவின் தங்கை பெரிய சாச்சி கிளினிக் போனதும் அதில்தான். வாப்பா நாவிதன்வெளிப் பக்கம் குத்தகைக்குச் செய்த வயலின் நெல்மூடை வந்ததும் அதில்தான். கேஸ் சிலிண்டர், கோழிக்கூடு, ஒருமுறை ஒரு கதவு, எல்லாம் அதில் வந்தன. சின்னச் சாச்சியும் பிள்ளைகளும் நானும் ஒன்றாக ஏறுகிற நாட்களில் மாமா பெற்றோல் டாங்கியின் மேல் ஏறிக் குந்தி, ஹாண்டிலோடு நெஞ்சு முட்ட ஓட்டுவார். பின்னால் ஏறுகிற எல்லோருக்கும் பொதுவாக ஒரு ஹெல்மெட் இருந்தது. எங்கள் வாசல் ஆணியில் தொங்கும். உம்மா முக்காட்டுக்கு மேல் அதைக் கவிழ்த்துக்கொண்டு ஏறினால், பள்ளிவாசல் தாண்டும்வரை மாமாவுக்குப் புத்தி சொல்லிக்கொண்டே போவார்.

மாமா அப்போது கல்முனையில் இரும்புக் கேட் அடிக்கிற பட்டறை ஒன்றில் வேலை செய்தார். அதற்கு முன்பு கட்டாரில் பல வருடம். மாமாவின் வாப்பா நேரத்தோடு மவுத்தாகிக் கண்ணை மூடிவிட்டதால், எங்கள் வழக்கப்படி மூன்று சகோதரிகளுக்கும் சீதன வீடு கட்டுகிற வேலை மாமாவின் தலையில் விழுந்தது. கட்டினார். ஒரே வளவுக்குள் உம்மாவுக்கு ஒன்று, பெரிய சாச்சிக்கு ஒன்று, சின்னச் சாச்சிக்கு ஒன்று. ஆண்பிள்ளைக்கு யாரும் வீடு கட்டுவதில்லை; கலியாணம் முடித்தால் பெண் வீட்டுக்குப் போய்விடுவான் அல்லவா? அதுவரைக்கும் மாமா எங்கள் வீட்டில், குசினிக்குப் பக்கத்து அறையில், நெல்மூடைகளோடு படுத்தார். இவ்வளவும் செய்த மனிதர், சின்னச் சாச்சியின் வீட்டுக்குப் பெயின்ற் அடித்து முடித்த கையோடு எங்களுக்கு இப்படியொரு அநியாயம் செய்யலாமா?

அது பள்ளிக்கூட விடுமுறை. எனக்குப் புலமைப்பரிசில் பரீட்சை வருகிற வருடம். ரியூஷனுக்கு மட்டும் விடுமுறை இல்லை. மாமா கொஞ்ச நாளாகவே போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருந்தார். எங்கேயோ ஒரு தேசத்தில் தாடிக்காரர்கள் பழைய மோட்டார் சைக்கிள்களைப் பிரித்துப் போட்டுவிட்டு, வேறு மாதிரிப் பூட்டிக்கொண்டிருந்தார்கள்.

"இதுக்குப் பேர் பொபர், மகன். சைக்கிள்ல தேவையில்லாத எல்லாத்தையும் கழட்டி எறிஞ்சி போட்டு, மிச்சத்த வெச்சிச் செய்யிற."

எனக்கு மெத்தச் சந்தோஷம். உடைந்த சிக்னல் லைட்டையும் கறள் பிடித்த கரியரையும் எறியப் போகிறார் என்று நினைத்தேன். தேவையில்லாதவற்றில் நானும் அடக்கம் என்று எனக்கு எப்படித் தெரியும்?

பட்டறையிலிருந்து வெல்டிங் மெஷினையும் கிரைண்டரையும் இரவல் வாங்கி வந்து, வளவு மாமரத்துக்குக் கீழே போட்டார். சீட்டைக் கழற்றி என் கையில் தந்தார். புதிதாகத் தோல் அடித்து வரப்போகிறது என்று நம்பி, அதை அணைத்துப் பிடித்தபடி நின்றேன். கிரைண்டர் கத்தியது. நெருப்புப்பொறி பறந்தது. சைக்கிளின் பின்பக்கச் சட்டம், நான் கால் தொங்கப்போட்டிருந்த இடம், மணலில் தொப்பென்று விழுந்தது.

முதலில் ஓடி வந்தவர் உம்மா.

"என்னடா செஞ்சி வெச்சிரிக்காய்? பொறத்தால எங்க?"

"பொறத்தால இல்ல, ராத்தா. இதுல ஒராள்தான்."

"அப்ப நாங்க?"

மாமா கிரைண்டரைக் கீழே வைத்துவிட்டு, அதையே பார்த்துக்கொண்டு சொன்னார். "ஓட்டோ இரிக்கித்தானே."

பெரிய சாச்சி வேலியடியில் நின்று தன் அண்ணனைக் கேட்டார். "அப்ப கிளினிக்குக்கு நான் நடந்தா போற, காக்கா? நீங்க மட்டும் ராசா மாதிரிப் போகப் போறீங்க?"

"கட்டார் வெயில் இப்பதான் மண்டைக்குள்ள இறங்கியிரிக்கி," என்றார் சின்னச் சாச்சி, பிள்ளையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு.

நான் சீட்டைக் கொண்டுபோய் என் கட்டிலில் வைத்துவிட்டு, மாமாவோடு கதைப்பதில்லை என்று முடிவெடுத்தேன்.

அதன் பிறகு வீட்டுக்குள் யாருக்கும் நிம்மதி இல்லை. மாமா வெல்டிங் வைக்கிற நேரமெல்லாம் மின்விசிறி களைத்துப்போய் நிற்கும். ரீவியில் செய்தி வாசிக்கிறவரின் முகம் சுருங்கும். "எங்கட தண்ணி மோட்டரும் நிண்டு போச்சி!" என்று பக்கத்து வளவிலிருந்து சத்தம் வரும். மாமா கண்ணாடிக் கவசத்துக்குள்ளிருந்து, "ரெண்டு பொட்டு வெச்சா முடிஞ்சிது!" என்பார். ஒருநாளும் இரண்டு பொட்டோடு முடிந்ததில்லை.

என் நிலைமையோ பரிதாபம். வாப்பா வயலுக்குப் போகிற வழியில், மிதிக்கிற சைக்கிளின் பாரில் வைத்து என்னைக் கல்முனைக்குச் சுற்றிக் கொண்டுபோய் விட்டார். தண்ணீர் கட்ட வேண்டிய அவசரத்தில் விடிந்தும் விடியாமலும் இறக்கிவிட்டுப் போய்விடுவார். ரியூஷன் கேட் திறக்கும்வரை ஒரு நாயும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நிற்போம். திரும்பி வரும்போது நடை. வெயிலில் வயல் றோட்டு நீண்டுகொண்டே போகும். ஒவ்வொரு எட்டுக்கும் மாமாவுக்கு எதிராக ஒரு வாதம் கட்டினேன். இன்று மேடையில் நான் கொஞ்சம் கதைப்பேன் என்றால் அந்தப் பயிற்சிதான் காரணம்.

கடைசியில் சைக்கிள் முடிந்தது. குட்டையாக, நிலத்தோடு ஒட்டிக்கொண்டு நின்றது. பின் டயர் தடித்தது. மட்காட் ஒரு கைப்பிடி அளவு. டாங்கி முழுக்கக் கறுப்பு. நடுவில், இரண்டு ஸ்பிரிங்குக்கு மேல், பெரிய வெற்றிலை மாதிரி ஒரே ஒரு சீட்டு. அழகாக இருந்தது என்று நான் எழுத வேண்டியிருக்கிறது; அந்த அழகுதான் என் கோபத்தை இன்னும் கிளப்பியது.

வாப்பா வயலால் வந்து, சேற்றுக் காலோடு அதைச் சுற்றி நடந்தார். என் பக்கம் நியாயம் கேட்கிறவர் அவர் ஒருவர்தான் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அவர் சீட்டின் மேல் கையை வைத்து அழுத்திப் பார்த்தார்.

"மச்சான், ஒருக்கா ஓடிப் பாக்கட்டா? சந்தி மட்டும்."

மாமா திறப்பைக் கொடுத்தார். வாப்பா சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போனார். சந்திக்குப் போய்வர எவ்வளவு நேரம்? அசருக்குப் பாங்கு சொல்லி, தொழுகை முடிந்து, ஆட்கள் வீடு திரும்பிய பிறகுதான் சத்தம் கேட்டது. சாரன் முழங்கால்வரை நனைந்திருந்தது. டயரில் கடல் மணல்.

"எங்க போனீங்க?" என்று உம்மா கேட்டார்.

"சும்மா."

"சும்மா எங்க?"

"சும்மாதான்."

திறப்பை மாமாவின் கையில் வைத்தார். இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. வாப்பாவையும் வளைத்துப் போட்டுவிட்டார் என்று எனக்கு விளங்கியது. கலியாணம் முடித்து இந்த வீட்டுக்கு வந்த மனிதர், இந்த வீட்டுப் பக்கம் நிற்க வேண்டாமா?

இந்த நேரத்தில்தான் மாமாவுக்கு நிந்தவூரில் கலியாணம் பேசி முடிந்திருந்தது. பெண் முன்பள்ளி ஆசிரியை. தேதி குறிக்கப் பெண்ணின் பெரிய வாப்பா இரண்டு பேரோடு வந்தார். வேனால் இறங்கியதும் கண்ணில் பட்டது மாமரத்தடியில் நின்ற அதுதான்.

"மாப்பிளட சைக்கிளா?"

"ஓம்," என்றார் மாமா.

பெரியவர் கிட்டப் போய் முன்னும் பின்னும் பார்த்தார். "எங்கட புள்ளைய இதுல எங்க இருத்துவீங்க?"

மாமா சீட்டின் மேல் கையை வைத்தார். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். இன்னும் வேலை முடியவில்லை, பின்சீட்டு வரும் என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள்? "இதுல ஒராளுக்குத்தான் இடம்," என்றார்.

பெரியவர் தேத்தண்ணீரைப் பாதியில் வைத்தார். தேதியைப் பற்றிக் கதைக்கவே இல்லை. "வீட்டில கேட்டுச் சொல்றம்" என்று எழுந்து போனார்கள்.

வேன் றோட்டில் திரும்பியதும் உம்மா வாசலில் உட்கார்ந்துவிட்டார். "ஒரு சீட்டுக்காகக் கலியாணம் நிக்கப் போகுது. மூணு குமர கரை சேத்தவன், ஒரு சீட்டால இவன் கெடக்கப் போறான், யா அல்லாஹ்!" சாச்சிமார் இரண்டு பேரும் மாமாவைச் சுற்றி நின்று மாறி மாறி ஏசினார்கள். அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. நீதி வென்றுகொண்டிருந்தது. அறைக்குள் ஓடிப்போய்ச் சீட்டைத் துடைத்து வைத்தேன்.

அடுத்த நாள் மாமா குசினிக்குப் பின்னால் கிடந்த பின்சட்டத்தைத் தேடி எடுத்தார். மணலைத் தட்டினார். சைக்கிளோடு பொருத்தி வைத்து, வெல்டிங் மெஷினின் வயரைப் பூட்டினார். நான் சீட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கேட்காமலே, அவர் காலடியில் வைத்தேன்.

அப்போது உம்மாவின் போன் அடித்தது. உம்மாவுக்குப் போனைக் காதில் வைத்துக் கேட்கத் தெரியாது; எப்போதும் ஸ்பீக்கரில் போட்டு, வாய்க்கு நேரே பிடித்துத்தான் கதைப்பார். ஆகையால் வளவு முழுக்கக் கேட்டது.

"ராத்தா, நான் நிந்தவூர்லரிந்து கதைக்கன்." கலியாணப் பெண்! உம்மா பதறி எழுந்தார்.

"சொல்லுங்க மகள்."

"பெரிய வாப்பா வந்து என்னமோ சீட்டுக் கதை சொன்னாரு. எனக்கு ஸ்கூட்டி இரிக்கி, ராத்தா. நான் என்னத்துக்கு அவர்ர பொறத்தால குந்தணும்? அவரு அவர்ர சைக்கிள்ள வரட்டும், நான் என்ட ஸ்கூட்டில வாறன். வெட்டினத ஒட்ட வேணாமெண்டு சொல்லுங்க. தேதிய நான் வீட்டில கதைச்சிக்கிறன்."

உம்மா போனை வாய்க்கு நேரே பிடித்தபடியே மாமாவைத் திரும்பிப் பார்த்தார். மாமா சட்டென்று கண்ணாடிக் கவசத்தை முகத்துக்கு மேல் இழுத்து விட்டுக்கொண்டார். மெஷின் ஓடவில்லை. கையில் கம்பியும் இல்லை. கவசம் போட்டபடி சும்மா நின்றார். அவருடைய தோள் மட்டும் அசைந்தது. சிரிக்கிறாரா வேறெதுவுமா என்று எனக்குத் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் அது எனக்கு எதிரானது என்று மட்டும் தெரிந்தது. இன்னும் வந்து சேராத மாமியும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டார்!

காவின் எழுதிப் பதிந்து, கலியாணம் முடிந்து, மாமா நிந்தவூருக்குப் போனார். நெல்மூடை அறையிலிருந்து ஒரு பையும் ஒரு தலையணையும்தான் வெளியே போயின. சில நாள் கழித்து இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு விருந்துக்கு வந்தார்கள். அவர் கறுப்புச் சைக்கிளில், மாமி சிவப்பு ஸ்கூட்டியில். நான் புத்தகப் பையோடு வாசலில் முறைத்துக்கொண்டு நின்றேன்.

மாமி வாசல் ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து என் தலையில் கவிழ்த்தார். "வா மகன், நான் கொண்டு விர்றன். இதுல பின்சீட்டு இரிக்கி." மாமாவும் பின்னாலேயே புறப்பட்டார். பேக்கரியில் பாண் வாங்கப் போகிறாராம்.

வயல் றோட்டில் ஏறியதும் மாமா எங்களை முந்திக்கொண்டு போனார்.

"மாமாவோட இன்னும் கோவமா?" என்று மாமி கேட்டார்.

"அவருக்கு எங்கள ஏத்த விருப்பமில்ல."

மாமி தலையால் முன்பக்கம் காட்டினார். "முன்னுக்குப் பாரு," என்றார்.

பார்த்தேன். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும். ஒவ்வொரு நாளும் அது என் மூக்குக்கு நேரே இருந்தது. வியர்வை படிகிற இடம் தெரியும், பிரிந்த நூல் தெரியும். தூரத்தில் வைத்து அதை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. இப்போது அது நிமிர்ந்து இருந்தது. டாங்கியின் மேல் குந்தாமல், யாருக்கும் இடம்விட்டு ஒதுங்காமல், சீட்டின் நடுவில் இருந்து போய்க்கொண்டிருந்தார். சேட்டு காற்றில் ஊதி நின்றது. அதைப் பிடித்துக்கொள்ள ஒரு கையும் இல்லை.

பாண் கடை வந்தது. அவர் நிற்கவில்லை. கடற்கரைப் பக்கம் போகிற றோட்டில் திருப்பினார்.

"மாமா!" என்று கத்தினேன். "கடை இங்க!"

ஒரு மனிதர், ஒருவரையும் ஏற்றாமல், ஒன்றும் கொண்டுபோகாமல், போவதாகச் சொன்ன இடத்துக்கும் போகாமல், இவ்வளவு சந்தோஷமாக எங்கே போகிறார்? எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அதையும் அவருடைய குற்றங்களோடு சேர்த்துக்கொண்டேன்.